கட்டம் சரியில்லை!

கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் மனிதன் எக்செல் ஷீட்டில் சொதப்ப ஆரம்பித்தான் என்று நீங்கள் நினைத்தால், அது பாபிலோன்காரர்களுக்குச் செய்கிற துரோகம். அவர்கள் களிமண்ணிலேயே சொதப்பிக் காட்டியவர்கள்.

'பிளிம்ப்டன் 322' என்று ஒரு களிமண் பலகை உண்டு. இன்றைய இராக்கில் இருந்த லார்சா என்ற பழைய நகரத்தைச் சேர்ந்தது. வயது ஏறக்குறைய 3,800. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். அதில் நான்கு நெடுவரிசை, பதினைந்து வரிசை. ஒவ்வொரு நெடுவரிசைக்கும் தலைப்பு. ஓரத்தில் 1 முதல் 15 வரை வரிசை எண். முதல் நெடுவரிசை பெரிசிலிருந்து சிறிசாக அழகாக 'சார்ட்' செய்யப்பட்டிருக்கிறது! செங்கோண முக்கோணக் கணக்கு, அதுவும் பிதாகரஸ் பிறப்பதற்கு ஆயிரம் வருஷத்துக்கும் முன்னால். தலைப்பே இல்லாமல் ஷீட் அனுப்பும் உங்கள் மேனேஜருக்கு இந்தப் பலகையின் போட்டோவை அனுப்பலாம். அனுப்பிவிட்டு வேறு வேலை தேடலாம்.

எழுதியவர் பெரிய மேதைதான். ஆனால் பதின்மூன்றாவது வரிசையில் 161 என்று இருக்க வேண்டிய இடத்தில் 25,921 என்று எழுதி வைத்திருக்கிறார். 161-ஐ 161-ஆல் பெருக்கிப் பாருங்கள், குட்டு உடையும். வர்க்கமூலம் எடுத்துப் போட வேண்டியவர், வர்க்கத்தையே தூக்கி ஒட்டிவிட்டார். ஒன்பதாவது வரிசையில் 481-க்குப் பதில் 541. அவர்களுடையது 60-ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறை. அதில் இது ஒரே ஒரு ஆப்புக் குறி அதிகம். அதாவது, மனித குலத்தின் மிகப் பழைய அட்டவணைகளில் ஒன்றில் ஒரு காப்பி-பேஸ்ட் தப்பும், ஒரு டைப்பிங் தப்பும் இருக்கின்றன. அட, நம்ம ஆள்!

1920-களில் இந்தப் பலகையை ஜார்ஜ் பிளிம்ப்டன் என்ற நியூயார்க் பதிப்பாளர் வாங்கினார். விலை பத்து டாலர். நம் காலத்துத் தப்பு அவ்வளவு மலிவில்லை. 2012-இல் ஜே.பி. மார்கன் வங்கி தன் லண்டன் அலுவலகத்தில் நடந்த வர்த்தகத்தில் 600 கோடி டாலருக்கு மேல் கோட்டைவிட்டது. பிறகு விசாரித்தபோது, ரிஸ்க்கை அளக்கும் கணக்கு எக்செல் ஷீட்களில் ஓடியதும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கையாலேயே காப்பி-பேஸ்ட் செய்ததும், சராசரியால் வகுக்க வேண்டிய இடத்தில் கூட்டுத்தொகையால் வகுத்ததும் தெரியவந்தன. ரிஸ்க் பாதியாகத் தெரிந்தது. நஷ்டம் முழுசாக வந்தது.

பாபிலோன் மேதைக்கும் மார்கன் மேதைக்கும் சேர்த்து ஒரே வைத்தியம்தான். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு, ஒன்று என்ற எண்ணுக்கு இடப்பக்கம் அநாதையாகக் கிடக்கும் அந்தச் சாய்ந்த கோட்டுப் பொத்தானைத் தட்டுங்கள். ஷீட்டில் எண்கள் மறைந்து, எல்லா ஃபார்முலாவும் வெளியே வரும். வரிசையாக ஃபார்முலா நிற்கும் இடத்தில் ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் வெறும் எண் விழித்துக்கொண்டிருந்தால், யாரோ அவசரத்தில் கையால் அடித்திருக்கிறார் என்று அர்த்தம். மறுபடி தட்டினால் ஷீட் பழைய கோலத்துக்குத் திரும்பிவிடும். அந்த யாரோ பெரும்பாலும் போன மாதத்து நீங்கள்தான்.

அடுத்து சார்லஸ் பாபேஜ். கம்ப்யூட்டரின் தந்தை என்று பாடப்புத்தகத்தில் படம் போட்டிருப்பார்களே, அவர். 1821-இல் நண்பர் ஜான் ஹெர்ஷலோடு உட்கார்ந்து வானியல் அட்டவணைகளைச் சரிபார்த்தார். மனிதர்கள் கையால் போட்ட கணக்கு. தப்புக்கு மேல் தப்பு. இதையெல்லாம் நீராவி போட்டுத் தொலைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பாபேஜ் நொந்துபோனார். ஆடிட்டர் ஆபீஸில் மார்ச் 31 இரவு கேட்கும் அதே பெருமூச்சு.

கணக்குப் போடும் மெஷின் ஒன்றைச் செய்ய அவருக்குப் பிரிட்டிஷ் அரசாங்கம் 17 ஆயிரம் பவுண்டுக்கு மேல் கொடுத்தது. அந்தக் காலத்தில் அது ராட்சசத் தொகை. பாபேஜ் பாதி மெஷின் செய்தார். அதற்குள் அவருக்கு இன்னும் பிரமாதமான மெஷின் ஒன்று மனசில் தோன்றிவிட்டது. வெர்ஷன் ஒன்று முடியவில்லை, வெர்ஷன் இரண்டுக்குப் படம் வரைகிறார். 1842-இல் அரசாங்கம் கையைக் கழுவியது. 1991-இல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் அவருடைய இன்னொரு வரைபடத்தை வைத்துக்கொண்டு மெஷினைச் செய்து பார்த்தது. ஜம்மென்று வேலை செய்தது! ஆக, டிசைனில் கோளாறு இல்லை. டிசைனரை உட்காரவைக்கத்தான் ஆள் இல்லை.

பாபேஜுக்கு எதைப் பார்த்தாலும் கணக்கெடுக்கும் வியாதி உண்டு. 1857-இல் உடைந்த கண்ணாடி ஜன்னல்களுக்கு ஒரு அட்டவணை வெளியிட்டார். மொத்தம் 464 ஜன்னல், எது எதனால் உடைந்தது என்று காரணவாரியாக. அதில் பதினாலு, குடித்துவிட்டு வந்த ஆண்களும் பெண்களும் பையன்களும் செய்த கைங்கரியம். உலகத்தின் முதல் கம்ப்யூட்டரைக் கட்டி முடிக்க நேரமில்லாத மனிதருக்கு, குடிகாரன் எத்தனை ஜன்னல் உடைத்தான் என்று எண்ண நேரம் இருந்திருக்கிறது. நாமும் அப்ரைசல் வாரத்தில் மெயில் ஃபோல்டர்களை ஒழுங்குபடுத்துவோம், இல்லையா?

அவர் கையால் செய்ததைத்தான் இன்று பிவட் டேபிள் என்கிறோம். 464 ஜன்னலை 464 வரிசையாக அடியுங்கள். தேதி, தெரு, காரணம். பிறகு இன்செர்ட் மெனுவில் பிவட் டேபிள். 'காரணம்' என்பதை இழுத்து வரிசைப் பெட்டியில் ஒரு தடவை, மதிப்புப் பெட்டியில் ஒரு தடவை போடுங்கள். முடிந்தது. ஒரு ஃபார்முலாகூட எழுத வேண்டாம். பாபேஜ் பார்த்திருந்தால் அழுதிருப்பார்; உடனே வெர்ஷன் இரண்டுக்குப் படமும் வரைந்திருப்பார்.

பிவட் கேட்பதெல்லாம் ஒரே ஒரு தலைப்பு வரிசை, காலியில்லாத தலைப்புகள், ஒட்டிப்போன கட்டங்கள் இல்லாத தரவு. இங்கேதான் நம் மக்கள் கவிழ்வார்கள். அழகுக்காக நான்கு கட்டங்களை 'மெர்ஜ்' செய்து, நடுவில் கம்பெனி பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு, மஞ்சள் வர்ணமும் அடித்து வைத்திருப்பார்கள். அதற்குப் பிறகு சார்ட் வராது, ஃபில்டர் முறைக்கும், பிவட் படுத்துக்கொள்ளும். அழகுதான் முக்கியம் என்றால் ஃபார்மட் செல்ஸ், அலைன்மென்ட்டுக்குள் 'சென்டர் அக்ராஸ் செலக்‌ஷன்' என்று ஒன்று இருக்கிறது. பார்க்க மெர்ஜ் மாதிரியே இருக்கும், உள்ளே எதையும் ஒட்டாது. பல வருஷமாக அங்கேயே இருக்கிறது. யாரும் எட்டிப்பார்ப்பதில்லை.

இந்தப் பிவட் யோசனைக்குப் பின்னால் இருந்தவர் லோட்டஸ் கம்பெனியில் இருந்த பீட்டோ சலாஸ். 1991-இல் 'இம்ப்ரூவ்' என்ற பெயரில் அதை ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் கம்ப்யூட்டருக்காக வெளியிட்டார்கள். ஜாப்ஸுக்கு ஏகக் குஷி. லோட்டஸுக்குத்தான் குழப்பம்: 'இது நன்றாக ஓடினால், ஏற்கெனவே நன்றாக ஓடும் நம்ம 1-2-3 ஸ்ப்ரெட்ஷீட் என்ன ஆகும்?' அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் மைக்ரோசாஃப்ட் அதே மாதிரி ஒன்றை எக்செலில் வைத்துவிட்டது. லோட்டஸின் கவலை தீர்ந்தது. 1-2-3-யும் ஓடவில்லை, இம்ப்ரூவும் ஓடவில்லை.

கதை முன்னால் ஓடிவிட்டது. 1978-க்கு வாருங்கள். ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல். டான் பிரிக்ளின் என்ற மாணவர் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார். பேராசிரியர் கரும்பலகையில் பெரிய அட்டவணை போடுகிறார். ஒரு எண் தப்பு. அதை அழித்தால் அதைச் சார்ந்த பத்து எண்களையும் அழிக்க வேண்டும். மற்ற மாணவர்கள் கொட்டாவி விட்டார்கள். பிரிக்ளின் பகல்கனவு கண்டார்: போர் விமானத்தில் பைலட்டின் கண் முன்னால் மிதக்குமே திரை, அப்படி எண்கள் அந்தரத்தில் மிதக்க வேண்டும், கையில் கால்குலேட்டர், அதன் அடியில் உருளும் பந்து. உலகத்தின் மிகச் சலிப்பான மென்பொருளுக்கான முதல் யோசனை, ஜெட் விமானத்தில் ஏறித்தான் வந்திருக்கிறது.

விமானம் தரையிறங்கியபோது அது ஆப்பிள்-2 கம்ப்யூட்டராகச் சுருங்கியிருந்தது. நண்பர் பாப் ஃபிராங்ஸ்டன் ஒரு வீட்டு மொட்டைமாடி அறையில் உட்கார்ந்து புரோகிராம் எழுதினார். வேலையெல்லாம் ராத்திரியில்தான். மேதைகள் இரவில்தான் விழித்திருப்பார்கள் என்றெல்லாம் உருக வேண்டாம். அவர்கள் வாடகைக்கு எடுத்த எம்.ஐ.டி. கம்ப்யூட்டருக்கு ராத்திரியில் கட்டணம் குறைவு.

இதற்கிடையில் பிரிக்ளின் அரைகுறைப் புரோகிராமை வைத்தே ஹார்வர்டில் ஒரு பெப்சி கேஸ் ஸ்டடிக்கு ஐந்து வருஷக் கணிப்பு போட்டுக்கொண்டு போனார். பேராசிரியர் அசந்துவிட்டார். 'இவ்வளவு கணக்கை எப்படியப்பா போட்டாய்?' பிரிக்ளின் ரகசியத்தைச் சொல்லாமல் மழுப்பினார். அந்த ஸ்ப்ரெட்ஷீட்டின் முதல் பயனாளி, அதை வைத்து முதலில் செய்தது வாத்தியாரை ஏமாற்றியது.

அந்தப் புரோகிராம் 'விசிகால்க்' என்ற பெயரில் 1979 அக்டோபரில் கடைக்கு வந்தது. விலை சுமார் 100 டாலர். அதை ஓட்ட வேண்டிய ஆப்பிள்-2-க்கோ முழு செட்டாக 2,000 டாலருக்கு மேல். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஆனாலும் கணக்குப்பிள்ளைகள் கடைக்கு வந்து, 'எனக்கு ஒரு விசிகால்க் வேண்டும், அதை ஓட்ட எது வேண்டுமோ அதையும் சேர்த்துக் கொடு' என்கிற மாதிரி வாங்கிப் போனார்கள். பென் ரோசன் என்ற பங்குச்சந்தை ஆய்வாளர் இதைப் பார்த்துவிட்டு ஆகா ஓகோ என்று எழுதினார். எழுதிவிட்டுப் பணத்தை எங்கே போட்டார் தெரியுமா? சில வருஷம் கழித்து விசிகால்க்கைத் தீர்த்துக்கட்டப் போகிற லோட்டஸில்.

விசிகால்க்கில் ஒரு வேடிக்கை. கட்டங்களை மேலிருந்து கீழாகவோ, இடமிருந்து வலமாகவோ மட்டும்தான் அது கணக்குப் போட்டுக்கொண்டு போகும். உங்கள் ஃபார்முலா, பின்னால் வரப்போகிற ஒரு கட்டத்தைக் கேட்டால் பழைய விடையையே காட்டும். ஆச்சரியக்குறிப் பொத்தானை அமுக்கி மறுபடி கணக்கிடச் சொல்ல வேண்டும். ஆனால் கனடாவில் ரெனே பார்டோ, ரெமி லாண்டாவ் என்ற இருவர், எது எதைச் சார்ந்ததோ அந்த ஒழுங்கில் கணக்கிடும் வித்தையை 1969-லேயே கண்டுபிடித்து, 1970-இல் பேட்டன்ட்டுக்கும் விண்ணப்பித்திருந்தார்கள். 'இது வெறும் கணக்கு, போங்கய்யா' என்று அலுவலகம் துரத்தியது. அவர்கள் கோர்ட்டுக்குப் போய் 1982-இல் ஜெயித்து, 1983-இல் பேட்டன்ட்டைக் கையில் வாங்கினார்கள். பதின்மூன்று வருஷத் தவம்!

1996-இல் இன்னொரு கோர்ட் அந்தப் பேட்டன்ட் செல்லாது என்று தூக்கிப் போட்டது; விண்ணப்பத்தோடு கொடுத்த வாக்குமூலம் ஒன்றில் சில விஷயங்களை மறைத்தார்களாம். பிரிக்ளினுக்கோ வக்கீல் ஆரம்பத்திலேயே 'பேட்டன்ட் கிடைப்பது கஷ்டம்' என்று சொல்லிவிட்டார். அவர் விண்ணப்பிக்கவே இல்லை. கடைசியில் இரண்டு தரப்புக்கும் கிடைத்தது ஒன்றுதான். பிரிக்ளினுக்கு வக்கீல் ஃபீஸாவது மிச்சம்.

விசிகால்க் காலத்துப் பேய் இன்னும் நம் வீட்டில் உலவுகிறது. எண்ணை மாற்றுகிறீர்கள், கூட்டுத்தொகை அசையவே மாட்டேன் என்கிறது. ஷீட்டைத் திட்டாதீர்கள். ஃபார்முலாஸ் மெனுவில் 'கால்குலேஷன் ஆப்ஷன்ஸ்' போய்ப் பாருங்கள். 'மேனுவல்' என்று இருக்கும். நீங்கள் வைக்கவில்லை. முதலில் திறந்த ஃபைலில் எந்தப் புண்ணியவானோ மேனுவல் வைத்திருந்தால், அதற்குப் பிறகு திறக்கும் எல்லா ஃபைலுக்கும் அது தொற்றிக்கொள்ளும். 'ஆட்டோமேட்டிக்' ஆக்குங்கள், அல்லது எஃப் 9 தட்டுங்கள். தட்டுவதற்கு முன், அந்தப் பழைய கூட்டுத்தொகையை ஏற்கெனவே யாருக்கெல்லாம் மெயில் அனுப்பிவிட்டீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது மிட்ச் கேப்பூர். ரேடியோவில் பாட்டுப் போட்டவர், மேடையில் ஜோக் சொல்லிப் பார்த்தவர், மகேஷ் யோகியின் ஆழ்நிலைத் தியானம் கற்றுக்கொடுத்தவர். கம்பெனி ஆரம்பித்தபோது பத்மாசனத்தை நினைத்து 'லோட்டஸ்' என்று பெயர் வைத்தார். பற்றறுக்கச் சொன்ன பத்மாசனம் 1983-இல் 53 மில்லியன் டாலர் சம்பாதித்தது. கேப்பூரின் பிசினஸ் பிளானில் எழுதியிருந்ததைவிட இது பல மடங்கு. உலகத்துக்கே வருமானக் கணிப்புக் கருவி விற்றவர், தன் வருமானத்தைக் கணிப்பதில் கோட்டைவிட்டார்.

இதைவிடப் பெரிய சாதனை ஒன்றும் உண்டு. லோட்டஸ் போப்பாண்டவரையே மறுத்துப் பேசியது. 1582-இல் போப் பதின்மூன்றாம் கிரகோரி நாட்காட்டியைத் திருத்தினார்: நூற்றாண்டு வருஷங்களில் 400-ஆல் வகுபடுவது மட்டும்தான் லீப் வருஷம். ஆகவே 1900 லீப் வருஷம் இல்லை. லோட்டஸ் 1-2-3 இந்தப் போப் ஆணையைப் பொருட்படுத்தவில்லை. 1900-க்கு பிப்ரவரி 29 உண்டு என்று அடித்துச் சொன்னது. பின்னால் வந்த எக்செல், லோட்டஸ் ஃபைல்கள் ஒத்துப்போக வேண்டுமே என்று தப்பைத் தப்பு என்று தெரிந்தே நகலெடுத்தது. நம்பிக்கை இல்லையா? ஒரு கட்டத்தில் 60 என்று அடித்து, அதைத் தேதியாக மாற்றுங்கள். 29 பிப்ரவரி 1900. அந்த நாளில் பிறந்தவர் யாரும் இல்லை, இறந்தவரும் இல்லை; எக்செலில் மட்டும் அன்று லீவு போடலாம்.

1992-இல் ஜோயல் ஸ்போல்ஸ்கி என்ற இளைஞர் எக்செலின் புரோகிராமிங் மொழிக்கான திட்டத்தை எடுத்துக்கொண்டு பில் கேட்ஸ் முன்னால் போய் நின்றார். கேட்ஸ் ஓரமெல்லாம் கிறுக்கி வைத்துக்கொண்டு கேள்வியாகக் கேட்டுத் துளைத்து, கடைசியில் தேதியில் வந்து நின்றார். எக்செல் தேதியும் அந்த மொழியின் தேதியும் ஒத்துப்போகின்றன, 1900 ஜனவரி, பிப்ரவரி தவிர என்று ஸ்போல்ஸ்கி சரியாகச் சொல்லித் தப்பித்தார். இந்த மாதிரிக் கூட்டங்களில் கேட்ஸ் எத்தனை கெட்டவார்த்தை பேசுகிறார் என்று எண்ணுவதற்கே ஒருவர் கூட வருவாராம். அன்று நான்கே நான்கு. பெரிய சாதனை என்று கொண்டாடினார்களாம். உலகத்தின் மிகப் பெரிய மென்பொருள் கம்பெனியில், தரத்தை அளந்த அலகு அது.

நமக்குப் பயன்படும் சங்கதி: எக்செலுக்குத் தேதி என்பது ஒரு எண், அவ்வளவுதான். 45,000 என்றால் 15 மார்ச் 2023. அதனால்தான் ஒரு தேதியிலிருந்து இன்னொரு தேதியைக் கழித்தால் நாள் கணக்கு வருகிறது. எண்கள் கட்டத்தில் வலது பக்கம் சாயும், எழுத்து இடது பக்கம் சாயும். உங்கள் தேதி இடது பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தால் அது தேதி வேஷம் போட்ட எழுத்து. கழித்தல், கூட்டல் எதற்கும் மசியாது. டேட்டா மெனுவில் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' போய், கடைசிப் படியில் நாள்-மாதம்-வருஷம் என்று சொல்லிக்கொடுத்தால் வேஷத்தைக் கலைக்கும். இன்றைய தேதி வேண்டுமா? கன்ட்ரோலோடு அரைப்புள்ளி. வாட்ச்சைப் பார்க்கிற வேலைகூட மிச்சம்.

எக்செல் முதலில் வந்தது 1985-இல், மேக் கம்ப்யூட்டருக்கு. ஆமாம், ஆப்பிள் கம்ப்யூட்டருக்கு! அதன் மூளையாக இருந்த டக் கிளண்டர், எந்தக் கட்டம் மாறியதோ அதைச் சார்ந்ததை மட்டும் மறுபடி கணக்கிடும் புத்திசாலித்தனத்தைக் கொடுத்தவர். கேட்ஸ் திடீரென்று 'பி.சி. வேண்டாம், மேக்குக்கு மாற்று' என்றதும் கோபித்துக்கொண்டு ராஜினாமா செய்தார். போன இடம் போட்டி கம்பெனி இல்லை. கலிஃபோர்னியாவில் கீரை வயல். லெட்யூஸ் பறிக்கப் போனார்! அது சரிப்படாமல் திரும்பி வந்து வேலையை முடித்தார். அடுத்த தடவை டெட்லைன் நெருக்கும்போது நீங்கள் 'ஊருக்குப் போய் விவசாயம் பண்ணப்போறேன்' என்று சொன்னால், யாராவது சிரித்தால், இதைச் சொல்லுங்கள்.

கருவி செய்தவர்களை விட்டுவிடுவோம். அதைப் பயன்படுத்திய பெரிய மனிதர்கள் இன்னும் சுவாரசியம். பொருளாதாரப் பேராசிரியர்கள் கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் 2010-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள்: அரசாங்கக் கடன் நாட்டு வருமானத்தில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடும். ஐரோப்பாவில் செலவைக் குறைக்கச் சொன்ன மந்திரிகளெல்லாம் இதை மேற்கோள் காட்டினார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவருக்கு, ஏதாவது ஒரு கட்டுரையை எடுத்து அதே விடை வருகிறதா என்று பார்க்கச் சொல்லி வீட்டுப்பாடம். இதை எடுத்தார். விடை வரவில்லை. பாவம், தன் கணக்குதான் தப்பு என்று நினைத்துப் போராடியிருக்கிறார்.

கடைசியில் பேராசிரியர்களே ஷீட்டை அனுப்பினார்கள். சராசரி ஃபார்முலா 30-ஆவது வரிசையில் தொடங்கி 49 வரை போக வேண்டியது, 44-லேயே நின்றுவிட்டது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகளும் ஷீட்டில் இருந்தன, கணக்கில் இல்லை. வேறு சில ஆண்டுகளைச் சேர்க்காததும், நாடுகளுக்கு எடை கொடுத்த விதமும்தான் பெரிய காரணம். எல்லாவற்றையும் சரிசெய்தபோது மைனஸ் 0.1 சதவீத வளர்ச்சி, பிளஸ் 2.2 ஆனது. மவுஸை இன்னும் ஐந்து வரிசை இழுத்திருந்தால் உலகமே மாறியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பெல்ஜியமாவது சேர்ந்திருக்கும்.

மவுஸை நம்பாதீர்கள். தரவுக்குள் எங்கேயாவது ஒரு கட்டத்தில் நின்று, கன்ட்ரோலோடு டி தட்டுங்கள். அது 'டேபிள்' ஆகிவிடும். அதற்குப் பிறகு அடியில் புது வரிசை சேர்த்தால் ஃபார்முலா தானே நீண்டு அதையும் சேர்த்துக்கொள்ளும். ஏற்கெனவே எழுதிய ஃபார்முலா சந்தேகமா? அந்தக் கட்டத்தில் எஃப் 2. எந்தெந்தக் கட்டங்களை அது பார்க்கிறது என்று வண்ணக் கோடு போட்டுக் காட்டும். இரண்டு நொடி வேலை. இரண்டு பொருளாதாரப் பேராசிரியர்களிடம் இல்லாத இரண்டு நொடி.

2003-இல் டிரான்ஸ்ஆல்டா என்ற கனடிய மின்சாரக் கம்பெனி, ஏல ஷீட்டில் கட்-பேஸ்ட் செய்தபோது வரிசைகள் ஒன்றுக்கொன்று மாறிப்போய், 24 மில்லியன் டாலர் இழந்தது. பாடம்: வரிசையை நம்பாதே, பெயரை நம்பு. அதற்குத்தான் வி-லுக்கப். ஆனால் அதிலும் ஒரு கண்ணிவெடி. நான்காவது இடத்தில் 'ஃபால்ஸ்' அல்லது பூஜ்யம் போடாவிட்டால், சரியான பெயர் கிடைக்காதபோது 'கிட்டத்தட்ட' ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடும். முருகேசன் சம்பளத்தைக் கேட்டால் முருகன் சம்பளத்தைக் கொடுக்கும், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். 2019-இல் வந்த எக்ஸ்-லுக்கப்தான் கேட்ட பெயர் இருந்தால் கொடு, இல்லாவிட்டால் இல்லை என்று சொல் என்பதையே இயல்பாக வைத்தது. இல்லை என்று சொல்லக் கற்றுக்கொள்ள எக்செலுக்கு 34 வருஷம் ஆயிற்று. சிலருக்கு அது அமையவே அமையாது.

லுக்கப் ஃபார்முலாவைக் கீழே இழுக்கும்போது பார்க்க வேண்டிய பட்டியலும் கூடவே நழுவிக்கொண்டு போகும். ஃபார்முலாவுக்குள் அந்த இடத்தில் நின்று எஃப் 4 தட்டுங்கள். டாலர் குறிகள் வந்து ஆணி அடித்துவிடும். பெயர் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தும் கிடைக்கவில்லை என்றால், கடைசியில் ஒரு காலியிடம் ஒளிந்திருக்கும். 'டிரிம்' ஃபார்முலா அதைச் சீவிவிடும். 'எஸ். முருகன்', 'முருகன் எஸ்' என்று நம் இனிஷியல் கலாட்டாவா? பக்கத்தில் முதல் ஒன்றை வேண்டியபடி நீங்களே எழுதிக் காட்டி, அடுத்த கட்டத்தில் கன்ட்ரோலோடு இ. மீதியை அதுவே நிரப்பும். ஐ.ஐ.டி. கான்பூரில் படித்த சுமித் குல்வானி கண்டுபிடித்தது. அவர் மைக்ரோசாஃப்ட்டில் ஆராய்ச்சியாளராக இருந்தபோது, விமானத்தில் பக்கத்து சீட் அம்மா ஒருவர் 'எக்செலில் பெயரை எப்படிச் சேர்ப்பது?' என்று கேட்க, டாக்டர் பட்டம் வாங்கியவருக்குப் பதில் தெரியவில்லை. வெட்கத்தில் பிறந்த ஷார்ட்கட் இது.

2008-இல் லேமன் பிரதர்ஸ் திவாலானபோது, அதன் மிச்ச சொச்சத்தை பார்க்ளேஸ் வாங்கியது. எதையெல்லாம் வாங்குகிறோம் என்ற பட்டியல் சுமார் ஆயிரம் வரிசை எக்செலில். வேண்டாத ஒப்பந்தங்களை அழிக்காமல் மறைத்து மட்டும் வைத்திருந்தார்கள். நள்ளிரவுக்குள் கோர்ட்டில் ஏற்ற வேண்டும் என்று வக்கீல் ஆபீஸ் அவசரமாகப் பி.டி.எஃப். ஆக்கியது. மறைந்திருந்த வரிசைகளெல்லாம் எழுந்து வந்து உட்கார்ந்தன. பார்க்ளேஸ் 179 வேண்டாத ஒப்பந்தங்களைச் சேர்த்து வாங்கிவிட்டு, 'அது தெரியாமல் வந்துவிட்டது' என்று மறுபடி கோர்ட்டுக்கு ஓடியது. மறைப்பது அழிப்பது அல்ல. 'சம்' மறைந்திருப்பதையும் கூட்டும்; ஃபில்டர் செய்தபின் தெரிவதை மட்டும் கூட்ட 'சப்டோட்டல்' போடுங்கள். காப்பி எடுக்குமுன் ஆல்ட்டோடு அரைப்புள்ளி தட்டினால் தெரிகிற கட்டங்கள் மட்டும் தேர்வாகும். ஒரு அரைப்புள்ளி, 179 ஒப்பந்தம்.

2020-இல் கொரோனா காலத்தில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, ஆய்வகங்களிலிருந்து வந்த பட்டியலைப் பழைய வகை எக்செல் ஃபைலில் கொட்டியது. அதில் 65,536 வரிசைதான் கொள்ளும். மீதி சத்தமில்லாமல் கீழே கொட்டிவிட்டது. ஒரு வாரத்தில் 15,841 நோயாளிகள் கணக்கிலேயே வரவில்லை. அவர்களோடு பழகியவர்களுக்குத் தகவலும் நேரத்துக்குப் போகவில்லை. பத்து லட்சத்துக்கு மேல் வரிசை கொள்ளும் புது வகை 2007-லேயே வந்தாயிற்று. வெளியிலிருந்து தரவு வந்தால் அங்கே எத்தனை வரிசை, இங்கே எத்தனை வரிசை என்று எண்ணிப் பாருங்கள். கன்ட்ரோலோடு கீழ் அம்புக்குறி, ஒரே தாவல். தாவிப் போய் நிற்கிற எண் 65,536 என்றால், நாற்காலியை விட்டு எழுந்து ஓடுங்கள்.

பாபிலோன் முதல் லண்டன் வரை பாருங்கள்: யாருக்கும் கணக்குத் தெரியாமல் இல்லை. நேர்கோடு போட்டு, தலைப்பு வைத்துக் கட்டத்துக்குள் அடைத்துவிட்டால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்ற மயக்கம். நாம் ஷார்ட்கட் என்று மனப்பாடம் செய்கிற ஒவ்வொன்றும், யாரோ ஒரு பெரிய மனிதர் குப்புற விழுந்த இடத்தில் நட்ட எச்சரிக்கைப் பலகை. படிக்காமல் தாண்டிப் போவதுதான் நம் பரம்பரை வழக்கம்.

அந்த மயக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கடைசியாக ஒன்று. மனித ஜீன்களில் 'மார்ச் 1', 'செப்ட் 2' என்ற சுருக்கப் பெயர்கள் இருந்தன. எக்செலில் அடித்தால் உடனே அவை தேதியாக மாறிவிடும். உதவி செய்கிறதாம்! 2016-இல் ஒரு ஆய்வு, எக்செல் ஜீன் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தக் கூத்து இருந்ததாகச் சொன்னது. நம் ஊரில் ஆதார் எண்ணுக்கு நடப்பதும் இதன் தம்பிதான். பன்னிரண்டு இலக்கம் அடித்தால் 'இ பிளஸ் 11' என்று சுருக்கி வாயில் போட்டுக்கொள்ளும். போன் நம்பரின் முதல் பூஜ்யத்தையும் விழுங்கும். அடிப்பதற்கு முன் ஒற்றை மேற்கோள் குறி ஒன்று போடுங்கள், அல்லது அந்த நெடுவரிசையை முதலிலேயே 'டெக்ஸ்ட்' ஆக்கிவிடுங்கள். அப்படியே வைத்துக்கொள்ளும்.

விஞ்ஞானிகளும் பல வருஷம் இதைச் சொல்லிப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்காமல், 2020-இல் ஜீன்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழு, ஜீன்களின் பெயரையே மாற்றிவிட்டது. 'மார்ச் 1' இனி 'மார்ச்எஃப் 1'. 'செப்ட் 2' இனி 'செப்டின் 2'. மூன்று வருஷம் கழித்து, 2023-இல், மைக்ரோசாஃப்ட் சாவகாசமாக அந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்த ஒரு சுவிட்ச் கொடுத்தது. ஜீன்கள் பழைய பெயருக்குத் திரும்பவில்லை. உங்கள் உடம்பிலும், என் உடம்பிலும், பில் கேட்ஸ் உடம்பிலும் அவை எக்செல் வைத்த பெயரோடுதான் இருக்கின்றன.